ஒரே பாலிதீன்தானே, கலந்தால் என்ன?

போன இதழில் பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்களைப் பற்றி எழுதியிருந்தேன். 2 என்றால் எச்டி (அடர்த்தி அதிகமானது), 4 என்றால் எல்டி (அடர்த்தி குறைந்தது), இரண்டும் பாலிதீன்தான் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். வந்த கடிதங்களில் பலவும் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கேட்பதும் நியாயமாகத்தான் இருக்கிறது. அதனால் இந்த முறை மற்றதை ஒதுக்கி வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சார், சின்னதாக ஒரு ஃபிலிம் யூனிட் வைத்திருக்கிறேன், ஒரே ஒரு மெஷின். எல்டியில் கால் பங்கு எல்எல்டி கலந்து ஓட்டுவேன், ஒரு தொந்தரவும் வந்ததில்லை. போன மாதம் சல்லிசாகக் கிடைத்தது என்று, பழைய கேன்களை உடைத்து அரைத்த எச்டி குருணையை அதே அளவு கலந்தேன். ஃபிலிம் முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளி. பபிள் (ஃபிலிமாக ஊதி எழுப்பும் குழாய்) அடிக்கடி உடைந்தது. கவரைப் பிடித்து இழுத்தால் நெடுக்கில் கோடு போட்டது போலக் கிழிகிறது. எல்லாம் பாலிதீன்தானே, ஏன் சேரவில்லை? (ஓசூர் வாசகர்)

பதில்: பெயர் ஒன்றுதான், உள்ளே இருக்கும் உருவம் வேறு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு உங்கள் மெஷினுக்கு வருவோம்.

எத்திலீன் வாயுவின் மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் கோத்துச் சங்கிலியாக்கினால் அது பாலிதீன். எல்டி, எல்எல்டி, எச்டி மூன்றிலும் கார்பனும் ஹைட்ரஜனும்தான் இருக்கின்றன. கோத்த விதம்தான் மாறுகிறது. 1933இல் இங்கிலாந்தில் ஐசிஐ நிறுவனத்தின் வின்னிங்டன் ஆய்வுக்கூடத்தில் ஃபாசெட், கிப்சன் என்ற இருவர் எத்திலீனையும் பென்சால்டிஹைடையும் மிகப் பெரிய அழுத்தத்தில் ஒன்றாகப் பூட்டி வைத்தார்கள். அவர்கள் எதிர்பார்த்த வினை நடக்கவில்லை, பாத்திரத்தில் வெள்ளையாக மெழுகு மாதிரி ஏதோ படிந்திருந்தது. இன்றைய எல்டியின் பிறப்பு அதுதான். இன்றும் எல்டியை ஆயிரத்திலிருந்து மூவாயிரம் வளிமண்டல அழுத்தம் வரை கொடுத்துத்தான் செய்கிறார்கள். அந்த நெருக்கடியில் சங்கிலி ஒழுங்காக நேரே வளராது. வளரும் நுனி வளைந்து வந்து, தன் உடம்பிலேயே சில கார்பன் தள்ளி இருக்கும் ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிவிடும். வளர்ச்சி அந்த இடத்திலிருந்து தொடரும், பழைய நுனி நாலு கார்பன் நீளத்தில் குட்டிக் கிளையாக அங்கேயே நின்றுவிடும். சில நேரம் பக்கத்துச் சங்கிலியின் நடுவிலிருந்து பிடுங்கும், அப்போது அங்கிருந்து மிக நீளமான கிளையே புறப்படும். முடிவில் கிடைப்பது கருவேலம் போலக் கிளைக்குள் கிளை விட்ட ஒரு உருவம்.

இருபது வருடம் கழித்து, 1953இல், ஜெர்மனியின் மியூல்ஹைம் நகரில் கார்ல் சீக்ளர் ஒரு வினையூக்கியைக் கண்டுபிடித்தார். அதை வைத்துக் குறைந்த அழுத்தத்திலேயே சங்கிலியை நேராகக் கோக்க முடிந்தது. அதுதான் எச்டி, கிளை ஏறக்குறைய இல்லாத நூல். அந்த நூலைக் கோக்கும்போதே நடுநடுவே எத்திலீனின் நீண்ட உறவுகளான பியூட்டீனோ ஹெக்சீனோ ஆக்டீனோ கொஞ்சம் சேர்த்தால், ஒரே நீளமுள்ள குட்டிக் கிளைகள் மட்டும் முள் முள்ளாக நிற்கும், நீண்ட கிளை இருக்காது. அது எல்எல்டி.

ஆறும்போது சங்கிலிகள் மடிந்து அடுக்கிப் படிகமாகும். கிளை இருக்கும் இடம் அந்தப் படிகத்துக்குள் மடிந்து உட்காராது. அதனால்தான் எச்டி 130 டிகிரிக்கு மேல் உருகுகிறது, எல்எல்டி 120 சொச்சத்தில், எல்டி 110 பக்கம்.

இப்போது உங்கள் விஷயம். நல்ல எச்டியும் நல்ல எல்டியும் முழுதாக உருகிய நிலையில், போதிய நேரம் கொடுத்தால், மூலக்கூறு அளவில் கலந்துவிடும். அதற்கு உறுதியான சோதனைகள் இருக்கின்றன, அடுத்த பதில்களில் வருகிறது. அப்படியானால் உங்களுக்கு ஏன் வரவில்லை? கலக்க முடியும் என்பது ஒன்று, உங்கள் மெஷினில் பிளாஸ்டிக் உருகும் பேரலுக்குள் இருக்கும் சில நிமிடத்தில் கலந்து முடிவது வேறு ஒன்று. கேன் ஊதுகிற எச்டியின் சங்கிலிகள் மிக நீளம். கேன் ஊதும்போது உருகிய குழாய் தொய்யாமல் தொங்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். அதனால் அதன் எம்எஃப்ஐ, அதாவது உருகியது எவ்வளவு சுலபமாக ஓடும் என்ற எண், பெரும்பாலும் 1க்குக் கீழே, பல வகைகளில் அதற்கும் மிகக் கீழே இருக்கும். நீங்கள் ஓட்டும் எல்டி அதைவிட எவ்வளவோ இளக்கம். நீர்மோரில் கெட்டிச் சப்பாத்தி மாவு உருண்டையைப் போட்டுக் கரண்டியால் சுற்றிப் பாருங்கள், உருண்டை மோரோடு சேர்ந்து சுற்றும், கரையாது. சுற்றியிருப்பதைப் போல ஏறக்குறைய 4 மடங்குக்கு மேல் கெட்டியாக இருக்கும் துளியை ஒரு அடுக்கின் மேல் இன்னொரு அடுக்கு வழுக்கிப் போகும் வெறும் சறுக்கு ஓட்டத்தால் உடைக்க முடியாது என்பது இந்தத் துறையில் பழைய கணக்கு. சாதாரண ஒற்றை ஸ்க்ரூ பெரும்பாலும் கொடுப்பது சறுக்கு ஓட்டம்தான்.

சரி, உருண்டை தானாக ஊறிக் கரையாதா? கரையும், ஆனால் நேரம் வேண்டும். உருகிய பிளாஸ்டிக்கில் ஒரு சங்கிலி மற்றச் சங்கிலிகளுக்கு இடையே பாம்பு மாதிரி நெளிந்துதான் நகர முடியும் என்று சொன்னவர் பிரான்சின் டி ஜென், 1971இல். அந்தக் கணக்குப்படி சங்கிலி இரண்டு மடங்கு நீளமானால் பரவும் வேகம் நான்கில் ஒன்றாகக் குறையும். நீண்ட கிளை உள்ள மூலக்கூறுக்கு இன்னும் கஷ்டம், புதருக்குள் மாட்டிய கிளை மரத்தை இழுப்பது போல. உங்கள் ஃபிலிமில் தெரியும் புள்ளிகள் இப்படிக் கரையாமல் தப்பித்த எச்டி உருண்டைகள் என்றுதான் எனக்குப் படுகிறது. பழைய கேன் என்பதால் வெயிலிலும் மறுபடி மறுபடி பட்ட சூட்டிலும் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து, இனி எந்தச் சூட்டிலும் உருகாத ஜெல்லாக ஆனவையும் அதில் இருக்கும்.

நெடுக்கில் கிழிவதற்குக் காரணம் வேறு. மெஷினின் வாயான டையை விட்டு வெளியே வந்து பபிள் ஆறும்போது எச்டிதான் முதலில் உறைகிறது. அந்த நேரம் பபிள் மேல்நோக்கி இழுபட்டுக்கொண்டே இருப்பதால் எச்டி படிகங்கள் அந்த இழுப்பின் திசையில் வரிசை கட்டிவிடும், எல்டி அதன் இடுக்குகளில் பிறகு உறையும். விறகை நார் வாக்கில் பிளப்பது போல ஃபிலிமும் அந்த வாக்கில் சுலபமாகப் பிளக்கும்.

இன்னொரு சந்தேகமும் சொல்லிவிடுகிறேன். கேனோடு மூடியையும் சேர்த்து அரைத்திருந்தால் அதில் பாலிப்ரொப்பிலீன் என்ற வேறொரு பிளாஸ்டிக் இருக்க வாய்ப்பு உண்டு, பல மூடிகள் அதில்தான் செய்கிறார்கள். அது உருகவே 160 டிகிரிக்கு மேல் வேண்டும், உருகினாலும் பாலிதீனோடு கலக்காது.

அடுத்த முறை குருணை வாங்கும்போது எச்டியா எல்டியா என்பதோடு நிறுத்தாதீர்கள். எதை அரைத்தது, எம்எஃப்ஐ எவ்வளவு என்று கேளுங்கள், தெரியாது என்றால் ஒரு கிலோ சாம்பிள் வாங்கி எங்காவது சோதித்துப் பாருங்கள், அந்தச் செலவு ஒரு ரோல் வீணாவதைவிடக் குறைவு. எம்எஃப்ஐ உங்கள் எல்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எச்டியாக இருந்தால் 10 சதவீதத்தில் தொடங்கி மெல்ல ஏற்றலாம். உருகியதை வடிகட்டும் ஸ்க்ரீன் வலையை நெருக்கமானதாக மாற்றுங்கள். கையில் இருக்கும் இந்தச் சரக்கை மறுபடி ஃபிலிமுக்குக் கொண்டுவர முயற்சி செய்ய வேண்டாம், கனமான மோல்டிங் சாமான் செய்பவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். அங்கே இந்தப் புள்ளிகள் ஒரு குறையே இல்லை.

கேள்வி: நான் எம்எஸ்சி வேதியியல் படிக்கிறேன். ஒத்தது ஒத்ததைக் கரைக்கும் என்று முதல் வருடத்திலிருந்து படித்துவருகிறோம். பாலிதீன்களில் வேதிக் குழுக்கள் எதுவுமே மாறவில்லையே, பிறகு கலக்குமா கலக்காதா என்ற கேள்வியே எப்படி வருகிறது? (திருச்சி மாணவி)

பதில்: நல்ல கேள்வி, இதை நான் விரிவாகத்தான் சொல்ல வேண்டும். உங்கள் விதி தவறில்லை, ஆனால் அது சின்ன மூலக்கூறுகளைப் பார்த்து எழுதப்பட்ட விதி. பெட்ரோலை எடுத்துக்கொள்ளுங்கள். நேரான ஹைட்ரோகார்பன், கிளைவிட்ட ஹைட்ரோகார்பன், வளையம் என்று எத்தனையோ ஒரே தொட்டியில் சண்டையில்லாமல் இருக்கின்றன. அதே நேரானதையும் கிளைவிட்டதையும் ஆயிரக்கணக்கில் நீட்டினால் கதை மாறுகிறது.

ஒரு தாம்பாளத்தில் சிவப்பு மணியும் வெள்ளை மணியும் கொட்டிக் குலுக்குங்கள். எத்தனை விதமாக அடுக்கலாம் என்று எண்ணி மாளாது. கலப்பதற்கு இயற்கைக்கு இருக்கும் பெரிய தூண்டுதலே அதுதான், என்ட்ரோபி. இப்போது சிவப்பை எல்லாம் ஆயிரம் ஆயிரமாக நூலில் கோத்துவிடுங்கள், வெள்ளையையும் அப்படியே. மணிகளின் எண்ணிக்கை மாறவில்லை, ஆனால் ஒரு மணி எங்கே போவது என்பதை இனி நூல் தீர்மானிக்கிறது. கலப்பதால் கிடைக்கும் என்ட்ரோபி ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. இரண்டு நிறங்களுக்கும் இடையே துளி வேண்டாமை இருந்தாலும் அதை ஈடுகட்ட எதுவும் இல்லை.

1940களின் தொடக்கத்தில் பால் ஃப்ளோரியும் மாரிஸ் ஹக்கின்ஸும் தனித்தனியாக இதைக் கணக்காக எழுதினார்கள். அந்த வேண்டாமையை ஒரு எண்ணாக வைத்துக்கொண்டால், சின்ன மூலக்கூறுகள் அந்த எண் 2 வரை போனாலும் கலந்திருக்கும். இரு பக்கமும் 1000 அலகு நீளச் சங்கிலி என்றால் வரம்பு 0.002. 5000 அலகு என்றால் 0.0004. இவ்வளவு சின்ன வித்தியாசத்தை ஒத்தது என்ற சொல்லால் பிடிக்க முடியாது, அதனால்தான் உங்கள் விதி இங்கே கைகொடுப்பதில்லை.

எவ்வளவு சின்னது என்பதற்கு ஒரு உதாரணம், எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்தது. 1980களின் நடுவில் ஃபிராங்க் பேட்ஸ், ஜார்ஜ் விக்னால் இருவரும் பாலிபியூட்டடையீன் சங்கிலிகளை இரண்டு விதமாக எடுத்துக்கொண்டார்கள். ஒன்றில் சாதாரண ஹைட்ரஜன், மற்றதில் அதன் இடத்தில் டியூட்டீரியம், அதாவது கனநீரில் இருக்கும் அதே கனத்த ஹைட்ரஜன். வேதியியல் பாடப்படி இரண்டும் ஒரே பொருள். ஆனால் சங்கிலி போதிய நீளம் இருந்தபோது, குளிரவைத்தால் அவை பிரிந்தன! ஐசோடோப்பு மாறியதற்கே பிரிகிறது என்றால் கிளை மாறினால் சும்மா இருக்குமா?

கிளை என்ன செய்கிறது என்றால், சங்கிலியைக் கொஞ்சம் குண்டாக்குகிறது. எடைக்கு எடை பார்த்தால் முதுகெலும்பு, அதாவது கிளைகளைத் தாங்கும் நடுச் சங்கிலி, குறுகிவிடுகிறது, சுருண்டு கிடக்கும் விதம் மாறுகிறது, பக்கத்துச் சங்கிலிகளோடு நெருங்கி அடுக்கும் விதமும் மாறுகிறது. ஒரு கிளைக்கு இது ஒன்றுமே இல்லை. சங்கிலி முழுக்க நூற்றுக்கணக்கில் கூட்டினால் அந்த 0.0004ஐத் தாண்டிவிடுகிறது.

அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் விக்னாலும், ஃபுளோரிடாவில் ரூஃபினா அலமோ, லியோ மாண்டல்கெர்ன் ஆகியோரும் 1990களில் சேர்ந்து இந்த எல்லையை அளந்தார்கள். மூலக்கூறு எடை ஒரு லட்சம் அளவில் உள்ள எச்டியை எல்எல்டி மாதிரியான கோபாலிமரோடு (இரண்டு மூலப்பொருளைச் சேர்த்துக் கோத்த சங்கிலி) உருக்கினால், முதுகெலும்பின் 100 கார்பனுக்கு 4 கிளைக்குக் குறைவாக இருக்கும்வரை ஒன்றாகக் கலந்திருக்கிறது. 8க்கு மேல் போனால் பிரிகிறது. நடுவில் இருப்பது மூலக்கூறு எடை, வெப்பநிலை, விகிதம் ஆகியவற்றைப் பொறுத்தது. கடையில் கிடைக்கும் எல்எல்டியில் பொதுவாக 100க்கு 1 முதல் 3 கிளைதான். எல்டியின் குட்டிக் கிளைகளும் ஏறக்குறைய அந்த அளவுதான், நீண்ட கிளை 1000 கார்பனுக்கு ஒன்றிரண்டு என்ற கணக்கில் வரும். அதனால்தான் ஓசூர் வாசகருக்கு எச்டியும் எல்டியும் உருகிய நிலையில் கலக்கும் என்று தைரியமாகச் சொன்னேன். ஆக்டீன் நிறைய ஏற்றி ரப்பர் மாதிரி நெகிழும் வகைகள்தான் அந்த எல்லையை நெருங்குகின்றன.

ஆனால் இந்த 1 முதல் 3 என்பது சராசரி, அதை மறக்கக் கூடாது. சீக்ளர் வகை வினையூக்கியில் வேலை செய்யும் மையங்கள் பலவிதம். ஒரு மையம் கிளை நிறைந்த குட்டைச் சங்கிலியைக் கோக்கும், பக்கத்து மையம் கிளையே இல்லாத நீளச் சங்கிலியைக் கோக்கும். எல்எல்டி என்று ஒரே மூட்டையில் வருவதே உள்ளுக்குள் ஒரு கலவைதான், அதன் கிளை மிகுந்த பகுதி மற்றதோடு ஒட்டாமல் உருகிய நிலையிலேயே பிரிந்து நிற்பதும் உண்டு. ஹாம்பர்கில் வால்டர் கமின்ஸ்கியின் ஆய்வுக்குழு 1980 வாக்கில் வழிகாட்டிய மெட்டலோசின் வினையூக்கிகளில் மையம் ஒரே விதம், அதனால் சங்கிலிக்குச் சங்கிலி கிளையின் அளவு ஏறக்குறைய சமம். கலப்பைப் பற்றி நம்பிக்கையோடு ஏதாவது சொல்ல வேண்டுமானால் அப்படிப்பட்ட மாதிரியை வைத்துத்தான் சொல்ல முடியும். பாலிதீன் கலவை பற்றிய பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது எந்த எல்எல்டி என்று பார்க்காமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள்.

கேள்வி: ஐயா, உருகினால் கலக்கும் என்கிறார்கள், ஆறினால் பிரியும் என்கிறார்கள். இதைக் கண்ணால் பார்த்தவர் யார், எப்படிப் பார்த்தார்கள்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

பதில்: ஐயா, நீங்கள் கேட்டதுதான் இந்தத் துறையில் பல வருடச் சச்சரவே. உருகிய இரண்டு பாலிதீன்களும் கண்ணாடி மாதிரி தெளிவு, ஒளியை வளைக்கும் அளவும் ஒன்றுதான். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பிரிந்திருந்தாலும் தெரியாது, கலந்திருந்தாலும் தெரியாது.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஹில், பார்ஹம் இருவரும் ஒரு வழி செய்தார்கள். உருகியதைத் திடீரென்று கடும் குளிரில் போட்டு உறையவைத்து, அந்த நொடியில் இருந்த நிலை அப்படியே சிக்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். எச்டியும் எல்எல்டியும் சேர்ந்த பல கலவைகளில் இரண்டு விதப் படிகத் தகடுகள் தனித்தனித் திட்டாகத் தெரிந்தன. அப்படியானால் உருகிய நிலையிலேயே பிரிந்திருந்தது என்றார்கள். நான் மேலே சொன்ன அமெரிக்கக் குழுவினர் வேறு வழியில் போனார்கள். ஒரு பாலிதீனில் ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் வைத்துச் செய்து, உருகியிருக்கும்போதே நியூட்ரான் கற்றையைச் செலுத்தினார்கள். நியூட்ரானுக்கு ஹைட்ரஜனும் டியூட்டீரியமும் வெள்ளையும் கறுப்பும் மாதிரி, நன்றாக வேறுபட்டுத் தெரியும். எச்டியும் எல்டியும் எல்லா விகிதத்திலும் உருகிய நிலையில் ஒன்றாகக் கலந்திருந்தன என்பது அவர்கள் 1994இல் சொன்ன முடிவு. அடையாளத்துக்காக வைத்த டியூட்டீரியமே பிரிவினையை உண்டாக்கிவிடக் கூடாதே என்பதையும் அவர்கள் கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது, திருச்சி மாணவிக்குச் சொன்ன அதே காரணத்தால்.

எனக்கு நியூட்ரான் பக்கம்தான் நம்பிக்கை அதிகம், உருகிய நிலையை உருகிய நிலையிலேயே பார்த்தது அதுதான். ஆனாலும் பிரிஸ்டல்காரர்கள் பார்த்த திட்டுகளைப் பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. சாதாரண எல்எல்டிக்குள்ளேயே கிளை மிகுந்த ஒரு பகுதி இருக்கிறது என்று சொன்னேனே, அது பிரிந்து நிற்க முழு வாய்ப்பு உண்டு.

ஆறும்போது என்ன நடக்கிறது என்பதை உங்கள் வீட்டு நெய்யை வைத்தே சொல்லிவிடலாம். உருக்கி இறக்கியபோது நெய் ஒரே தெளிவாக இருக்கும். அதை மெல்ல ஆறவிட்டால் மணல் மணலாக உறையும், சட்டென்று குளிரவைத்தால் வழவழவென்று உறையும். உயர்ந்த சூட்டில் உறையும் பகுதி, நேரம் கிடைத்தால் முதலில் தனியே கூடிப் படிகமாகிவிடுகிறது, நேரம் கிடைக்காவிட்டால் எல்லாம் கிடந்த இடத்திலேயே உறைந்துவிடுகிறது. உருகியபோது கலந்திருந்தது உண்மை, உறைந்தபோது பிரிந்ததும் உண்மை. எச்டியும் எல்டியும் அப்படித்தான். மெல்ல ஆற்றினால், ஒரு மில்லிமீட்டரை லட்சம் கூறு போட்டு அதில் சில கூறு எடுத்தால் வரும் அளவுக்கு எச்டி படிகம் தனி, எல்டி தனி என்று ஒதுங்கிவிடும். மறுபடி சூடாக்கி உருகுநிலை பார்த்தால் வரைபடத்தில் இரண்டு முகடுகள் தெரியும். எச்டியோடு கிளை குறைந்த எல்எல்டியைக் கலந்து வேகமாக உறையவைத்தால், பல நேரம் இரண்டும் ஒரே படிகத்தில் சேர்ந்து உட்கார்ந்து, ஒரே முகடுதான் வரும்.

நான் சோதனைக்கூடத்தில் இருந்த காலத்தில் இரண்டு முகடு தெரிந்தாலே கலப்பு சரியில்லை என்று சரக்கைத் திருப்பி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன், அந்த அறிக்கைகளில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த இரண்டு முகடுகள் எதைக் காட்டின, எதைக் காட்டவில்லை என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. நியாயமான சரக்கு சிலவும் அதில் திரும்பிப் போயிருக்கும் என்பது இன்னும் மனதை உறுத்துகிறது.

கேள்வி: எல்எல்டியில் சி4, சி6, சி8 என்று சொல்லி விலையை ஏற்றுகிறார்கள். எல்டியோடு கலப்பதற்கு எது நல்லது? (சிவகாசி வியாபாரி)

பதில்: அந்த எண் பியூட்டீன், ஹெக்சீன், ஆக்டீன் எதைச் சேர்த்தார்கள் என்பதைச் சொல்கிறது. கிளையின் நீளம் முறையே 2, 4, 6 கார்பன். கலப்பதைப் பொறுத்தவரை கிளை எத்தனை என்பதுதான் பெரும்பாலும் முக்கியம், நீளம் அவ்வளவாக இல்லை. நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசு பலத்துக்கு. ஹெக்சீன், ஆக்டீன் வகைகள் கிழியாமல், குத்தினால் ஓட்டை விழாமல் தாங்கும். கடைக்குப் போகும் லேசான கவருக்குச் சி4 போதும், கனமான பொருள் போகும் பைக்குச் சி6 அல்லது சி8 வாங்குங்கள். எல்டியை ஏன் விடாமல் சேர்க்கிறார்கள் என்றால், அதன் நீண்ட கிளைகள் உருகிய நிலையில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு பபிளை ஆடாமல் நிறுத்தும், ஃபிலிமும் தெளிவாக இருக்கும்.

கேள்வி: குடிநீர்த் திட்ட வேலையில் பிஇ100 பைப் போடுகிறோம். அது பைமோடல், அதாவது இரண்டு விதப் பாலிதீனின் கலவை என்று கம்பெனிக்காரர் சொன்னார். அவர்களுக்கு மட்டும் எப்படிக் கலக்கிறது? (கோவை பொறியாளர்)

பதில்: அவர்கள் பிறக்கும்போதே கலக்கிறார்கள். இரண்டு ரியாக்டர்கள் அடுத்தடுத்து இருக்கும். பொதுவாக முதலாவதில் குட்டையான, கிளையற்ற சங்கிலிகள், இரண்டாவதில் மிக நீளமான, சில கிளைகள் உள்ள சங்கிலிகள். வினையூக்கியின் ஒரே துகள் இரண்டிலும் பயணம் செய்வதால் ஒவ்வொரு பொடிக்குள்ளும் இரண்டும் அக்கம்பக்கமாகவே வளர்கின்றன. பிறகும் அதைப் பெரிய எக்ஸ்ட்ரூடரில் நன்றாகப் பிசைகிறார்கள். அப்படியும் சரியாகப் பிசையாவிட்டால், கறுப்புப் பைப்பை மெல்லிய சீவலாக வெட்டிப் பார்க்கும்போது கார்பன் கறுப்பு ஏறாத வெள்ளைப் புள்ளிகள் தெரியும், அது கரையாமல் நின்ற நீளச் சங்கிலி.

இதில் எனக்கு வியப்பாக இருப்பது கிளையை எங்கே வைத்தார்கள் என்பது. சாதாரண எல்எல்டியில் கிளைகள் குட்டைச் சங்கிலிகளில்தான் அதிகம் குவிகின்றன என்றேன். இங்கே வேண்டுமென்றே தலைகீழாக, நீளச் சங்கிலியில் வைக்கிறார்கள். கிளை இருக்கும் இடம் படிகத்துக்குள் போகாது, அதனால் அந்த நீளச் சங்கிலி ஒரு படிகத்தில் கொஞ்சம் உட்கார்ந்து, வெளியே வந்து, அடுத்த படிகத்தில் உட்காரும். இரண்டு சுவரை ஒரே கம்பியால் கட்டியது மாதிரி. விரிசல் மெல்ல வளர்வதைத் தடுப்பது அந்தக் கட்டுகள்தான். கிளை மிகவும் குறைவாக இருப்பதால் குட்டைச் சங்கிலியோடு கலப்பதிலும் தகராறு இல்லை. 20 டிகிரியில் 50 வருடம் பைப்பின் சுவர் 10 மெகாபாஸ்கல் தகைவைத் தாங்கும் என்பதுதான் பிஇ100 என்ற பெயரின் பொருள்.

கேள்வி: எங்கள் மகளிர் குழு உலர் குப்பை பிரிக்கும் வேலை செய்கிறது. கவர்களை எல்லாம் ஒன்றாகக் கட்டிக் கொடுத்தால் விலை பாதிதான் தருகிறார்கள். எண்ணே இல்லாத கவர்களை எப்படிப் பிரிப்பது? (மதுரை வாசகி)

பதில்: அம்மா, மேலே எழுதியதில் உங்களுக்குத்தான் இது அதிகம் பயன்பட வேண்டும் என்று நினைக்கிறேன். கையால் கசக்கிக் காதால் கேளுங்கள். மொறமொறவென்று சத்தம் போட்டு, காகிதம் மாதிரி மடிப்பு விழுந்தால் அது எச்டி கவர், கடைக்காரர்கள் எச்எம் என்பார்கள். சத்தமில்லாமல் மெத்தென்று, பிடித்து இழுத்தால் நீண்டு கொடுத்தால் எல்டி அல்லது எல்எல்டி, பால் பாக்கெட் மாதிரி. இந்த இரண்டையும் தனித்தனியாகக் கட்டுங்கள். எல்டியையும் எல்எல்டியையும் பிரிக்க மெனக்கெட வேண்டாம், ஃபிலிம் போடுகிறவர்களே அவற்றைக் கலந்துதான் போடுகிறார்கள்.

கண்ணாடி மாதிரி பளபளவென்று, கசக்கினால் படபடக்கும் பொட்டலக் கவர்கள், துணிக்கடைச் சட்டைக் கவர்கள் பாலிப்ரொப்பிலீன். அவற்றைக் கட்டாயம் ஒதுக்குங்கள், ஒரு கட்டில் கொஞ்சம் கலந்தாலும் வாங்குபவரின் சரக்கு கெடும். தண்ணீரில் போட்டுப் பார்த்து இதைப் பிரிக்க முடியாது, பாலிதீனும் மிதக்கும், பாலிப்ரொப்பிலீனும் மிதக்கும். பாலிதீனும் பாலிப்ரொப்பிலீனும் சேர்ந்த கலவையில், இரண்டின் துண்டுகளும் மாறி மாறி வரும் ஒரு சங்கிலியைச் சிறிதளவு சேர்த்தாலே இடையில் தைத்துப் பிடிக்கிறது என்று 2017இல் அமெரிக்காவின் கார்னெல், மினசோட்டா பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் காட்டினார்கள், அதிலும் முன்னே சொன்ன பேட்ஸ் இருக்கிறார். உங்கள் கட்டை வாங்குபவர் கையில் அது இல்லை என்று வைத்துக்கொண்டே பிரியுங்கள். எரித்துப் பார்த்து அடையாளம் காணச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அந்தப் புகை உங்களுக்கு வேண்டாம். பால் கவரைத் தண்ணீரில் ஒரு முறை அலசிக் காயவைத்துக் கட்டினால் விலை இன்னும் கொஞ்சம் கேட்கலாம்.